டர்போ மீது சுமத்தப்பட்ட வீண்பழி

"டர்போ வண்டி மட்டும் எடுத்துறாதீங்க அண்ணாச்சி. ரெண்டு வருசம் நல்லா இழுக்கும். அப்புறம் எஞ்சின் வேலை வச்சிரும்."

திருத்தங்கலிலும் சிவகாசியிலும் புதுக் கார் வாங்க நினைப்பவர் எவரும் இந்தப் புத்திமதியைக் கேட்காமல் ஷோரூம் படியேறுவதில்லை. டீக்கடையில் சொல்கிறார்கள், கல்யாணப் பந்தியில் சொல்கிறார்கள், பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கரும் சொல்கிறார். சின்ன எஞ்சினைக் கசக்கிப் பிழிகிறார்கள், ஆயுள் குறைவு, நம் வெயிலுக்கு ஆகாது, மைலேஜ் வராது, பழுதானால் செலவு தாங்காது என்று குற்றப்பட்டியல் நீள்கிறது. சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கேட்பவரும் கடன் போட்டு வாங்குகிற ஆள், பயப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பயம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினைக் கொல்வது அழுக்கு எண்ணெயும் தூசியும் அவசரமும். பழி மட்டும் டர்போவின் தலையில் விழுகிறது.

முதலில் ஒரு கேள்வி. "வண்டின்னா இதுதான்" என்று நம் பக்கத்து டிரைவர்கள் ஒரே குரலில் சொல்லும் கார் எது? இன்னோவா. 2005இல் இந்தியாவுக்கு வந்த அந்த 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் ஒரு டர்போ எஞ்சின். சபரிமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் ஆள் ஏற்றி, மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடுகிற வண்டிகள் அவை. அதற்கு முன் அதே நிறுவனம் விற்ற குவாலிஸில் டர்போ கிடையாது, 2,446 சி.சி. எஞ்சினில் 75 குதிரைத்திறன். இன்னோவாவின் 2,494 சி.சி. எஞ்சினில் 102. இந்த வித்தியாசம் முழுக்க டர்போ தந்தது என்று நான் சொல்லவில்லை. காமன் ரெயில் எரிபொருள் முறைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் டர்போ வந்ததால் ஆயுள் குறைந்தது என்று எந்த டிராவல்ஸ்காரராவது சொல்லக் கேட்டிருக்கிறோமா?

ஸ்விஃப்ட் டீசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. எஞ்சின். 2020இல் பி.எஸ்-6 புகை விதி வரும்வரை நாடெங்கும் டாக்ஸியாகவும் குடும்ப வண்டியாகவும் ஓடியது. அதுவும் டர்போதான். ஸ்கார்ப்பியோ டர்போ. பட்டாசுப் பெட்டிகளையும் காலண்டர் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற இன்றைய லாரிகள் எல்லாம் டர்போ. டர்போவே வேண்டாம் என்பவரின் சரக்கு டர்போவில்தான் போகிறது, அவர் குடும்பம் டர்போவில்தான் கோயிலுக்குப் போகிறது.

இன்னும் பின்னால் போகலாம். விருதுநகர்–தென்காசிப் பாதை மீட்டர்கேஜாக இருந்த காலத்தில் திருத்தங்கல் ஸ்டேஷன் வழியாகப் பெட்டிகளை இழுத்துப்போன ஒய்.டி.எம்-4 டீசல் எஞ்சினுக்குள் இருந்தது ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். அகலப்பாதையில் நாட்டையே இழுத்த டபிள்யூ.டி.எம்-2, பதினாறு சிலிண்டரும் டர்போவும் சேர்ந்து 2,600 குதிரைத்திறன் கொடுத்தது. வாரணாசித் தொழிற்சாலை 1964 முதல் அதைச் செய்யத் தொடங்கியது. அவற்றில் பல முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. பொன்மலை ஷெட்டிலும் ஈரோடு ஷெட்டிலும் வேலை பார்த்தவர்களுக்கு டர்போ புதுப்பொருளும் இல்லை, பயப்படும் பொருளும் இல்லை. குறித்த காலத்தில் கழற்றிப் பார்த்து, துடைத்து, திரும்ப மாட்டும் ஓர் உறுப்பு, அவ்வளவே.

"அதெல்லாம் டீசல். டீசல் வேற, பெட்ரோல் வேற" என்று இந்த இடத்தில் பதில் வரும். இது நல்ல பதில், இதற்கு நேரான விடை சொல்ல வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் வாயு டீசலைவிடச் சூடு அதிகம். முழு வேகத்தில் 950 டிகிரி செல்சியஸை எட்டும். டீசலுக்குச் செய்த டர்போவை அப்படியே எடுத்துப் பெட்ரோல் எஞ்சினில் மாட்டினால் தாங்காது. அதனால்தான் பெட்ரோல் டர்போவின் டர்பைன் சக்கரத்தை நிக்கல் கலந்த உலோகத்தில் வார்க்கிறார்கள், பேரிங் இருக்கும் நடுப்பகுதியைச் சுற்றி ரேடியேட்டர் நீரை ஓட விடுகிறார்கள். சூடு அதிகம் என்பது உண்மை. அந்தச் சூட்டைக் கணக்கில் எடுத்தே அதைச் செய்கிறார்கள் என்பதும் உண்மை.

டர்போ என்ன செய்கிறது என்பதை நம் ஊர்க்காரருக்குச் சொல்வது எளிது. வெடிமருந்து தெரிந்த ஊர் இது. கருமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. கரியும் கந்தகமும் சேர்ந்து மீதிக் கால் பங்குதான். கரியை எவ்வளவு கூட்டினாலும் வெடியுப்பு போதாவிட்டால் புகைதான் வரும், வெடி வராது. எரிவதற்கான ஆக்சிஜனை வெடியுப்புதான் தருகிறது. கார் எஞ்சினிலும் இதே கணக்குதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் காற்று. வெடி தன் ஆக்சிஜனைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. எஞ்சின் அதை வெளியிலிருந்து உறிஞ்ச வேண்டும். பெட்ரோலைக் கூட்டித் தெளிப்பது பம்புக்குச் சின்ன வேலை. காற்றை உள்ளே கொண்டு வருவதுதான் எஞ்சினுக்குப் பெரிய வேலை. டர்போ அந்த வேலையைத்தான் எடுத்துக்கொள்கிறது.

அதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்தக் கருவியின் அழகு இருக்கிறது. நாம் காசு கொடுத்துப் போடும் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் வழியே சூடாக வெளியே போய்விடுகிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்த ஆல்ஃபிரெட் பூச்சி என்ற பொறியாளருக்கு அந்த வீணடிப்பு பொறுக்கவில்லை. வெளியே போகும் வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்பும் முறைக்கு அவர் 1905இல் காப்புரிமை கேட்டார். அதை நடைமுறைக்குக் கொண்டுவர இருபது ஆண்டுகள் ஆயின. 1920களில் கப்பல் எஞ்சின்கள், 1938இல் சாரர் நிறுவனத்தின் லாரி, பிறகு ரயில் என்று வளர்ந்தது. இது பந்தயக்காரர்களின் ஆசையில் பிறந்த பொருள் இல்லை. கப்பலிலும் லாரியிலும் எரிபொருளை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த பொருள்.

"கசக்கிப் பிழிகிறார்கள்" என்ற முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். ஒரகடத்தில் தயாராகி 2020 டிசம்பரில் சந்தைக்கு வந்த நிசான் மேக்னைட் இதற்கு நல்ல சாட்சி. ஒரே கார், இரண்டு எஞ்சின், இரண்டும் 999 சி.சி. டர்போ இல்லாததற்கு 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர் இழுவை. டர்போ உள்ளதற்கு 100 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர். குடும்பத்தோடு நாலு பெட்டி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மேட்டில் ஏறும்போது எந்த எஞ்சின் கசங்குகிறது? டர்போ இல்லாத வண்டி இரண்டாம் கியருக்கு இறங்கி ஐயாயிரம் ஆர்.பி.எம்முக்கு அலறித்தான் அந்த மேட்டை ஏற வேண்டும். டர்போ வண்டி மூன்றாம் கியரில், ஏறத்தாழ பாதி வேகச் சுற்றில், பேச்சுச் சத்தம் கேட்கிற அளவில் ஏறிவிடும். பிஸ்டன் குறைவாக ஓடுகிறது, சிலிண்டர் சுவரில் உரசும் தூரம் குறைகிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறதே என்றால், கூடத்தான் செய்கிறது. அதற்காகத்தான் கனெக்டிங் ராடு, பிஸ்டன், ஹெட் கேஸ்கட் எல்லாவற்றையும் அந்த அழுத்தத்துக்கு ஏற்ப வலுவாகச் செய்கிறார்கள். பல எஞ்சின்களில் பிஸ்டனின் அடிப்பக்கத்தில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர வைக்கும் ஏற்பாடும் உண்டு. தொழிற்சாலையில் டர்போவோடு பிறந்த எஞ்சின் வேறு, வெளியில் டர்போவை ஒட்டவைத்த எஞ்சின் வேறு. நம் ஊர்ப் பேச்சில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

அடுத்தது ஆயுள். "டர்போ போயிருச்சு" என்று சொல்லும் வண்டிகளில் உண்மையில் என்ன போனது என்று பார்க்க வேண்டுமானால் கழற்றிய டர்போவைக் கையில் எடுக்க வேண்டும். திருத்தங்கல் பக்கத்து ஒர்க்ஷாப் ஒன்றில் இரண்டாம் கையாக வாங்கிய டீசல் கார் ஒன்றின் டர்போவை மெக்கானிக் என் முன்னால் பிரித்தார். ரப்பர் ஹோஸை இழுத்ததும் உள்ளே எண்ணெய் ஈரம். கம்ப்ரசர் சக்கரத்தின் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். தண்டு கடகடவென்று ஆடியது. நல்ல டர்போவில் பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கலாம், முன்பின் அசைவு இருக்கவே கூடாது. சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசி, வெள்ளிக் கோடாக வட்டம் போட்டிருந்தது. தண்டை உருவியபோது பேரிங் உட்கார்ந்த இடம் மட்டும் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பிறகு எண்ணெய் வரும் குழாயின் போல்ட்டைக் கழற்றி, அதற்குள் இருந்த சின்ன வலை வடிகட்டியைப் பழைய தினத்தாள் மேல் தட்டினார். மை போலக் கெட்டியான கசடு விழுந்தது. "இதுக்கு எண்ணெயே போகலை தம்பி. பட்டினி போட்டுக் கொன்னுருக்காங்க" என்றார்.

அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரையின் சாரம். சிறிய காரின் டர்போவில் உள்ள சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுற்றும். அந்த வேகத்தில் நாலு சென்டிமீட்டர் சக்கரத்தின் நுனி வினாடிக்கு 400 மீட்டருக்கு மேல் பாய்கிறது. ஒலியின் வேகத்தையே தாண்டிவிடுகிறது. பெரும்பாலான கார் டர்போக்களில் இந்தத் தண்டைத் தாங்குவது பால் பேரிங் கிடையாது, மெல்லிய எண்ணெய்ப் படலம். தண்டு உலோகத்தைத் தொடாமல் எண்ணெயில் மிதந்து சுற்றுகிறது. எண்ணெய் சுத்தமாக, போதுமான அழுத்தத்தோடு வரும்வரை தேய்மானமே சொற்பம். மாற்ற வேண்டிய எண்ணெயை ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போட்டால், கம்பெனி சொன்ன தரத்தை விட்டுவிட்டு மலிவாகக் கிடைத்ததை ஊற்றினால், அந்தப் படலம் அறுந்துபோகிறது. அந்த எண்ணெய் கேம்ஷாஃப்டையும் கிராங்க் பேரிங்கையும்தான் தின்றுகொண்டிருந்தது. டர்போ வேகமாகச் சுற்றுவதால் முதலில் அது விழுகிறது. முதலில் விழுந்ததைக் குற்றவாளி என்கிறோம்.

இன்னொரு கொலைகாரன் தூசி. கோடையில் கரிசல் மண் பறக்கும் ஊர் நம்முடையது. ஏர் ஃபில்ட்டரை ஊதி ஊதியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் ஏராளம். ஃபில்ட்டரின் ஓரம் சரியாக உட்காராமல் புகும் ஒரு துளி மணல், ஒலியைத் தாண்டிய வேகத்தில் சுற்றும் அலுமினிய இதழில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். மூன்றாவது அவசரம். நாலுவழிச் சாலையில் மதுரையிலிருந்து முழு வேகத்தில் வந்து, வாசலில் நிறுத்திய கையோடு சாவியைத் திருப்புவது. எஞ்சின் நின்றதும் எண்ணெய் ஓட்டமும் நின்றுவிடும்; தணல் போலச் சூடான டர்பைனின் வெப்பம் பேரிங்குக்கு ஏறி, அங்கே தங்கிய எண்ணெயைக் கரியாக்கும். ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைப்பது போதும். இந்தப் பழக்கத்தை லாரி டிரைவர்கள் நமக்கு முன்பே கற்றுக்கொண்டார்கள். இன்று பல கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் சிறிது நேரம் நீரைச் சுழற்றும் மின் பம்பும் உண்டு. ஆனாலும் பழக்கத்துக்கு ஈடு பழக்கம்தான்.

வெயிலுக்கு ஆகாது என்ற குற்றச்சாட்டு எனக்குப் பெரிய வியப்பு. இருபது டிகிரியில் இருந்த காற்று நாற்பது டிகிரிக்கு ஏறினால் அதன் அடர்த்தி சுமார் 6 சதவீதம் குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த இழப்பை அப்படியே விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான், வேறு வழியில்லை. டர்போ எஞ்சினின் கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் அழுத்திக் காற்றை அனுப்பி, தன் வரம்புக்குள் அதைச் சரிக்கட்டும். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பது உண்மை. நாற்பது டிகிரிக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் 130 டிகிரியைத் தாண்டிவிடும். சூடான காற்று பெட்ரோல் எஞ்சினில் நாக்கிங் உண்டாக்கும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் தானே வெடிக்கும் என்பதும் உண்மை. அதற்காகத்தான் முன்பக்கத்தில் இன்டர்கூலர் வைத்து அதைக் குளிர வைத்து உள்ளே விடுகிறார்கள். இன்டர்கூலரின் இடுக்குகளில் சேறும் பூச்சியும் அடைத்துக் கிடந்தால் வெயிலில் இழுவை குறையும். அப்போது "டர்போ வெயிலுக்குத் தாங்கலை" என்பது எளிது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது அதைவிட எளிது.

உயரத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் அந்த ஐந்தில் ஒரு பங்கை மலையடிவாரத்திலேயே விட்டுவிட்டுத்தான் மேலே போகிறது. 1918இல் அமெரிக்கப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லாரியில் ஏற்றி, பதினாலாயிரம் அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கே கொண்டுபோய் இதை நிரூபித்தார். கீழே 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் மேலே 230க்கு விழுந்தது. டர்போவை மாட்டியதும் 356. விமானத்தை மேகத்துக்கு மேலே கொண்டுபோன கருவி நம் மலைப்பாதைக்கு ஆகாது என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

மைலேஜ் விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு வலுவான வாதம் உண்டு. அதை மறைப்பது நேர்மையில்லை. 2013இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை சோதனை நடத்தி, சின்ன டர்போ எஞ்சின்கள் விளம்பரத்தில் சொன்ன சிக்கனத்தைச் சாலையில் தரவில்லை என்று எழுதியது. நம்மூரிலும் பலர் அதே அனுபவத்தைச் சொல்கிறார்கள். காரணம் நாம் மேலே பார்த்த கணக்கில்தான் இருக்கிறது. டர்போ அதிகக் காற்றை அனுப்பும்போது அதற்கேற்ப எரிபொருளும் போகும். ஆக்சிலேட்டரை எப்போதும் அழுத்திக்கொண்டே ஓட்டுபவருக்குச் சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினாகவே நடந்துகொள்ளும். பெரிய எஞ்சினின் செலவையும் கேட்கும். நிதானமாக ஓட்டுபவருக்குச் சின்ன எஞ்சினாகவே இருக்கும். மேக்னைட் சந்தைக்கு வந்தபோது அதன் அதிகாரபூர்வ மைலேஜ் டர்போ இல்லாததற்கு 18.75, மேனுவல் கியர் டர்போவுக்கு 20. சாலையில் இந்த எண்கள் அப்படியே வராது. ஆனால் டர்போ என்றாலே பெட்ரோல் குடிக்கும் என்ற முடிவை இவை தாங்கவில்லை. 2014 முதல் ஃபார்முலா ஒன் பந்தயமே 2.4 லிட்டர் வி8 எஞ்சினைக் கைவிட்டு 1.6 லிட்டர் டர்போவுக்கும் மின்மோட்டாருக்கும் மாறி, ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ எரிபொருள் என்று வரம்பும் வைத்தது. சிக்கனத்தை அளந்து பார்க்க வேண்டிய இடத்தில் டர்போவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

வரிக்காக எஞ்சினைச் சின்னதாக்குகிறார்கள் என்ற பேச்சும் உண்டு. அது சரிதான். நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள் எஞ்சின் என்ற வரம்புக்குள் இருந்தால் நம் நாட்டில் வரி குறைவு. நிறுவனங்கள் அந்த வரம்புக்குள் வண்டியை வடிவமைக்கின்றன. ஆனால் காரணம் வரி என்பதால் எஞ்சின் மோசம் என்று ஆகிவிடாது. அந்த வரி மிச்சம் வாங்குபவரின் பைக்கும் வருகிறது. டர்போ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: டர்போ எனர்ஜி நிறுவனம் 1982இல் ஜெர்மன் கூட்டில் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே பையனூரில் டர்போ செய்துவருகிறது. தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கை செய்யும் பொருள் இது.

செலவு என்ற கடைசிக் குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. டர்போ ஒன்றை மாற்ற ஐந்திலக்கத் தொகை ஆகும். அது சின்னக் காசு கிடையாது. சரியான தரத்து எண்ணெயும் விலை கூடுதல்தான். ஆனால் அந்த எண்ணெய்க்கு ஆகும் கூடுதல் பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துத்தான் ஐந்திலக்கச் செலவை வரவழைத்துக்கொள்கிறோம். வரலாற்றிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அவ்வப்போது ஒரு தொட்டியில் ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் ஊற்றவில்லை. ஊற்றாதபோது வண்டி தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைக் குறைத்தது. வண்டி சரியில்லை என்று புகார் எழுந்தது. 1963க்குப் பிறகு அந்தக் கார் நின்றுபோனது, பல வண்டிகளிலிருந்து டர்போவையே கழற்றிவிட்டார்கள். பராமரிப்பை உரிமையாளர் தலையில் கட்டிய நிறுவனத்தின் மேலும் பிழை உண்டு. சொன்னதைச் செய்யாதவர் மேலும் உண்டு. டர்போ சக்கரத்தின் மேல் பிழையில்லை.

டர்போவைக் கண்டு பயப்படுகிறவர்களை மறுக்கும்போது, அதைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடுகிறவர்களையும் மறுக்கத்தான் வேண்டும். எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி ரீமேப் செய்தால் முப்பது குதிரைத்திறன் சும்மா கிடைக்கும் என்று மதுரையிலும் கோவையிலும் கடைகள் கூவுகின்றன. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு வெளியில் வாங்கிய டர்போவை மாட்டித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. சும்மா கிடைக்கும் சக்தி எதுவும் இல்லை. நிறுவனம் வரம்பு வைத்த அழுத்தத்துக்கு மேலே ஏற்றும்போது பிஸ்டனும் கிளட்சும் கியர்பாக்ஸும் அதற்கான விலையைக் கொடுக்கின்றன. காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டும் மலிவு ரீமேப்பின் விளைவைச் சாலையில் பார்க்கலாம்: பின்னால் வருகிற பைக்காரரின் முகத்தில் அடிக்கும் கரும்புகை. வெடியுப்பு போதாத மருந்தின் கதை அது. மேலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியைத் தயாரிப்பாளர் தந்த வடிவத்திலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்த மாற்றத்தைத்தான். இப்படி மாற்றி ஓட்டிக் கெடுத்த வண்டிகளின் கெட்ட பெயரும் கடைசியில் டர்போவின் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

சூப்பர்சார்ஜரே மேல் என்று சொல்லும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அது வயதில் மூத்தது. ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவிதான் அதன் பாட்டன். 1885இல் டெய்ம்லர் அதுபோல எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் யோசனைக்குக் காப்புரிமை எடுத்தார். எஞ்சினின் பெல்ட்டே அதைச் சுற்றுவதால் ஆக்சிலேட்டரைத் தொட்ட கணமே காற்று வந்துவிடும்; டர்போ சுற்றெடுக்க ஆகும் சிறு தாமதம் இதில் இல்லை. டாடா 2008இல் வாங்கிய ஜாகுவார் லேண்ட் ரோவரின் 5 லிட்டர் வி8 எஞ்சினில் அந்தச் சுகம் தெரியும். ஆனால் அது எஞ்சினிடமிருந்தே சக்தியைப் பிடுங்கித்தான் எஞ்சினுக்குக் காற்றைத் தருகிறது. 2014இல் வந்த டாட்ஜ் ஹெல்கேட் 707 குதிரைத்திறன் தருகிறது. அதன் சூப்பர்சார்ஜரைச் சுற்றுவதற்கே முழு வேகத்தில் சுமார் 80 குதிரைத்திறன் செலவாகிறது. மேக்னைட்டின் டர்போ இல்லாத எஞ்சின் முழுவதும் தருவதைவிட இது அதிகம். பெட்ரோலின் விலையைப் பார்த்து வண்டி வாங்கும் நமக்கு, வீணாகப் போகும் வாயுவில் சுற்றும் டர்போதான் பொருத்தம்.

டர்போ எல்லாருக்கும் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திருத்தங்கலிலிருந்து சிவகாசிக்கு நாலைந்து கிலோமீட்டர் போய், நிழலில் நிறுத்தி, சாயங்காலம் திரும்புகிறவருக்கு டர்போ தேவையில்லை. எஞ்சின் சரியாகச் சூடேறும் முன்பே ஆபீஸ் வந்துவிடும். அவர் சாதாரண எஞ்சினை வாங்கட்டும், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் மாதம் இருமுறை மலை ஏறுகிறவர், சரக்கு ஏற்றுகிறவர், நாலுவழிச் சாலையில் லாரியை முந்திப் போக வேண்டியவர் பயத்தால் டர்போவைத் தவிர்ப்பது தனக்கே செய்துகொள்ளும் நஷ்டம். முந்தும்போது இழுவை போதாமல் எதிர்ப்பக்கத்தில் கூடுதலாக நிற்கும் சில விநாடிகளுக்கு உயிரே விலையாகலாம். டர்போ செலவைக் கணக்குப் பார்ப்பவர்கள் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

ஆகவே புத்திமதி சொல்கிற பெரியவர்களிடம் என் வேண்டுகோள் இது: சொல்வதை நிறுத்தாதீர்கள், சொல்லும் விஷயத்தை மாற்றுங்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவரிடம் "டர்போவா?" என்று கேட்பதை விட்டு, "எண்ணெய் மாற்றிய பில் எல்லாம் இருக்கா?" என்று கேட்கச் சொல்லுங்கள். புது வண்டி எடுத்தவரிடம் கையேட்டில் போட்டிருக்கும் எண்ணெய்த் தரத்தைப் படித்துக்காட்டுங்கள், ஏர் ஃபில்ட்டரை ஊதாமல் மாற்றச் சொல்லுங்கள், வேகமாக வந்தால் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைக்கச் சொல்லுங்கள். இந்த நாலையும் செய்கிறவரின் டர்போ அவர் கடனை அடைத்த பிறகும் நெடுங்காலம் ஓடும். செய்யாதவரின் வண்டி டர்போ இல்லாவிட்டாலும் ஒர்க்ஷாப்பில்தான் நிற்கும்.